அப்பா சைக்கிளும் அஞ்சு மில்லிமீட்டரும்

நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒரு பொருளை "சும்மா கழட்டி மாட்டி, கொஞ்சம் எண்ணெய் விட்டா இன்னும் நல்லா ஓடுமே"ன்னு பிரிச்சுப் போட்டு, கடைசியில வாங்கிக் கட்டிக்கிட்ட அனுபவம் உங்கள்ல எத்தனை பேருக்கு இருக்கு? கை தூக்குங்க. ம்ம்... நினைச்சேன். நம்ம கூட்டம்தான்.

என் கதை 2025 பொங்கல் லீவுல நடந்தது. பலியாடு, எங்க அப்பாவோட சைக்கிள்.

அப்பாவுக்கு மன்னார்குடியில பேப்பர் ஏஜென்சி. ஏஜென்சின்னதும் ஏதோ ஆபீஸ், நாலு ஆளுன்னு நினைச்சுடாதீங்க. காலையில நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்டுல கட்டு எடுக்கிறதும் அவர்தான், இணைப்பு செருகுறதும் அவர்தான், வீடு வீடா போடுறதும் அவர்தான். நான் ஸ்கூல் படிக்கிறப்போ 260 பேப்பர் போட்டுக்கிட்டிருந்தார். இப்போ 140. வயசு அறுபது ஆகப் போகுது. "போதும்ப்பா, விட்டுடுங்க"ன்னு சொல்லிப் பாத்தேன். "சரி, ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கித் தர்றேன்"னும் சொல்லிப் பாத்தேன். "வர்ற கமிஷனை பெட்ரோலுக்கு ஊத்தச் சொல்றியா தம்பி"ன்னு ஒரே கேள்வி. அவர் வண்டி 1996ல வாங்கின ஹெர்குலஸ். அதாவது என்னை விட ஒரு வயசு மூத்தது. 28 இஞ்சு வீல், கம்பி பிரேக்கு, பெரிய கேரியர், வெறும் வண்டியே கிட்டத்தட்ட 20 கிலோ இருக்கும்.

நான் எட்டு வருஷமா சென்னையில பொட்டி தட்டுறவன். ஊருக்குப் போனா அப்பாவுக்கு உருப்படியா ஒண்ணும் செஞ்சதில்லைங்கிற உறுத்தல் எப்பவும் உண்டு. பொங்கலுக்குப் பேப்பர் லீவு விடுற அந்த ஒரு நாள்தான் அந்த வண்டி சும்மா நிக்கிற நாள். சரி, முழுசா ஓவராயில் பண்ணிடுவோம்னு முடிவு பண்ணேன். பஜார்ல பாய் கடை இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை அங்கதான் வேலை நடக்கும். பாய் கடையை மூடி ஆறு வருஷம் ஆச்சு. இப்ப இருக்கிற கடைகள்ல கியர் சைக்கிளும் பசங்க சைக்கிளும்தான். அப்பா வண்டியைப் பாத்தா "இதுக்கு சாமான் வராதுங்க"ன்னு தள்ளி விட்டுடுறாங்க.

மாட்டுப் பொங்கலுக்குள்ள நான் செஞ்ச திருப்பணிகள்: ஹேண்டில்பாரைக் கழட்டி, போர்க்கை உருவி, மேலயும் கீழயும் இருக்கிற கப்பு, பால்ரஸ் குண்டு எல்லாம் புதுசு போட்டேன். முன்னாடி டயர், டியூப் புதுசு. பிரேக் கட்டை புதுசு. முன் வீல்ல ரெண்டு கம்பி உடைஞ்சிருந்தது, அதை மாத்தி, கோட்டமும் எடுத்தேன். செயினை மண்ணெண்ணெயில ஊறப் போட்டுக் கழுவினேன். பெயிண்டு மட்டும்தான் அடிக்கல.

நம்மள மாதிரி ஆளுங்க ஆபீஸ்ல தினமும் அடுத்தவனுக்குச் சொல்ற புத்திமதி என்ன? ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் பண்ணு, டெஸ்ட் பண்ணு, அப்புறம் அடுத்தது. நானோ மொத்தத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டு, தெருவுல நாலு வீடு தூரம் ஓட்டிப் பாத்துட்டு, "அப்பா, வண்டி ரெடி"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

அந்தக் கோட்டம் எடுத்த கதையைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா மொத்த வில்லங்கமும் அங்கதான். ரிம்மு நெளியாம சுத்துறது ஒண்ணு. அது ஹப்புக்குச் சரியா நட்ட நடுவுல இருக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதைப் பாக்க ஒரு எளிய வழி இருக்கு. ஒரே உயரத்துல மூணு டம்ளரைக் கவுத்து வச்சு (அம்மாவோட காபி டம்ளர்தான்), அதுமேல ரிம்மைப் படுக்க வைக்கணும். நடுவுல ஆக்சில் கோனோட நட்டு தரையில இருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு ஸ்கேல் வச்சுப் பாக்கணும். அப்புறம் வீலைத் திருப்பிப் போட்டு மறுபடி அளக்கணும். முன் வீல்ல ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும். எனக்கு 10 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துச்சு. அப்படின்னா ரிம்மு நடுவுல இருந்து அதுல பாதி, 5 மில்லிமீட்டர், ஒரு பக்கமா தள்ளி இருக்கு. "அடப்பாவிகளா, இத்தனை வருஷமா எங்கப்பா இப்படிப்பட்ட வீல்லயா ஓட்டிக்கிட்டிருக்கார்"னு பொங்கி எழுந்து, மொத்தம் இருக்கிற 32 கம்பியில ஒரு பக்கத்து 16ஐ இளக்கி, மறுபக்கத்து 16ஐ இறுக்கி, அரை அரை சுத்தா மூணு மணி நேரம் உக்காந்து நட்ட நடுவுக்குக் கொண்டு வந்தேன். ஸ்கேல்ல அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கூட இல்லை. போட்டோ எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டேன். ஹிஹி.

வீலை மாட்டினப்போ ரிம்மு இடது பக்கத்து பிரேக் கட்டையில உரசுச்சு. அப்பவே உஷாராயிருக்கணும். இல்லையே! பிரேக்கைத்தான் வளைச்சு சரி பண்ணேன்.

வியாழக்கிழமை காலையில வழக்கமா ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துடுற அப்பா ஏழே முக்காலுக்கு வந்தார். வேட்டியில சேறு. இடது முழங்கையில தோல் வழண்டிருந்துச்சு. "ஒண்ணுமில்ல தம்பி, நாய் குறுக்க வந்துடுச்சு"ன்னுட்டுக் குளிக்கப் போயிட்டார். அடுக்களையில அம்மா மெதுவா சொன்னாங்க. "வண்டி இடது பக்கமா இழுக்குதாம்டா. வாய்க்கா ஓரமா கொண்டு போய் விட்டுடுச்சாம். பையன் ரெண்டு நாளா குனிஞ்ச தலை நிமிராம பாத்திருக்கான், அவன்கிட்ட சொல்லாதன்னாரு."

எனக்கு இட்லி இறங்கல.

வண்டியை எடுத்துக்கிட்டு ஹரித்ராநதிக்குப் போனேன். மன்னார்குடிக்காரங்களுக்குத் தெரியும், பெரிய தெப்பக்குளம், நாலு கரையிலயும் ரோடு. முதல் சந்தேகம் ரோட்டு மேல. தண்ணி வடியறதுக்காக ரோட்டை நடுவுல மேடாவும் ஓரத்துல பள்ளமாவும்தான் போடுவாங்க, மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சரிவு. நாம இடது ஓரத்துல போறதால எல்லா வண்டியும் லேசா இடது பக்கம் இறங்கப் பாக்கும். அதனால ஆளில்லாத நேரம் பாத்து அதே கரையில வலது ஓரமாவும் ஓட்டினேன். அங்கயும் இடது பக்கம்தான் இழுத்துச்சு. ரோடு நிரபராதி.

ரெண்டு கையிலயும் பிடிச்சு ஓட்டினா பெருசா தெரியல. அதான் தெருவுல ஓட்டினப்போ எனக்குத் தெரியாம போச்சு. வலது கையை விட்டேன் பாருங்க, வண்டி குளத்தைப் பாக்கப் போகுது! அப்பதான் உறைச்சுது. அப்பா பேப்பர் போடுறப்போ ரெண்டு கையிலயா ஓட்டுறார்? இடது கை ஹேண்டில்பார்ல, வலது கையால பையில இருந்து உருவி, ஓட்டிக்கிட்டே காம்பவுண்டுக்குள்ள வீசுவார். 140 வீடுன்னா 140 தடவை ஒத்தைக் கை. முன்னாடி பையில கனம் வேற.

அடுத்த சந்தேகம் பால்ரஸ். முன் வீலைத் தரையில இருந்து தூக்கி, வண்டியை லேசா ஒரு பக்கம் சாய்ச்சா ஹேண்டில்பார் தானாவே அந்தப் பக்கம் விழணும். என்னோடது சாய்ச்ச இடத்துலயே "நான் வரமாட்டேன் போ"ன்னு நின்னுச்சு. ஆர்வக்கோளாறுல அவ்வளவு இறுக்கி வச்சிருக்கேன். சைக்கிள் நேரா போகணும்னா ஹேண்டில்பார் தன்னிஷ்டத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம் ஆடி ஆடி சரி பண்ணிக்கணும். அதை இறுக்கிட்டா வண்டி குடிகாரன் மாதிரிதான் போகும். கால் சுத்து இளக்கினேன். அலைச்சல் நின்னுச்சு. இழுப்பு நிக்கல.

(சைக்கிள் ஏன் விழாம போகுதுங்கிறது இன்னைக்கும் முழுசா ஒரு வரியில சொல்ல முடியாத விஷயம். வீல் பம்பரம் மாதிரி சுத்துறதாலன்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாங்க. டேவிட் ஜோன்ஸ்னு ஒருத்தர், எதிர்ப்பக்கம் சுத்துற இன்னொரு வீலை மாட்டி அந்த விளைவைக் காலி பண்ணிட்டும் ஓட்டிக் காட்டி, 1970ல கட்டுரை எழுதினார். போர்க்கோட சாய்மானக் கோட்டை நீட்டினா அது தரையில படுற புள்ளிக்குக் கொஞ்சம் பின்னாடிதான் டயர் தொடும், அதுதான் வீலை நேரா இழுத்துக்கிட்டுப் போகுதுன்னு அவர் முடிவு. 2011ல ஒரு குழு இந்த ரெண்டும் இல்லாத ஒரு குட்டி வண்டியைச் செஞ்சு, அதுவும் தானா நேரா ஓடுதுன்னு நிரூபிச்சுட்டாங்க. ஆனா ஒண்ணு, நம்ம வண்டியில டயர் தொடுற இடம் அந்தக் கோட்டுக்கு நேர் பின்னால இல்லாம பக்கவாட்டுல தள்ளிப் போனா, ஹேண்டில்பார் ஒரு பக்கமா திரும்பத்தான் பாக்கும். அது என் முழங்கைக்குத் தெரியும்.)

வீட்டுக்கு வந்து பிரேமைச் சோதிச்சேன். பேப்பர் கட்டு கட்டுற கயிறு ஒண்ணை எடுத்து, பின் வீல் ஆக்சில் ஒரு முனையில கட்டி, முன்னாடி ஹேண்டில்பார் குழாயைச் சுத்திக் கொண்டு வந்து மறு முனையில இழுத்துக் கட்டினேன். சீட்டுக் குழாய்க்கும் கயிறுக்கும் ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி. பிரேம் நேரா இருக்கு.

மிச்சம் முன் வீலும் போர்க்கும்தான். இதுல எது குற்றவாளின்னு கண்டுபிடிக்கிறது சுலபம். வீலைக் கழட்டி இடம் வலம் மாத்தி மாட்டினா போதும். தப்பு வீல்லன்னா இழுப்பும் பக்கம் மாறணும். மாத்தினேன். மாறல. ரிம்மு எப்படி மாட்டினாலும் இடது பக்கத்து போர்க் காலுக்கு 5 மில்லிமீட்டர் கிட்டயே நிக்குது. வீல் சுத்தம். போர்க்குதான் கோணல்.

ஆனா நான் போர்க்கைச் சும்மா உருவி மாட்டினேனே தவிர, ஒரு தட்டு கூடத் தட்டலையே! ஒரு நாள்ல எப்படிக் கோணும்?

வெள்ளி, சனி ரெண்டு நாளும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டியை வாங்கி, அப்பாவைப் பின்னாடி உக்கார வச்சு நானே லைனுக்குப் போனேன். எந்த வீட்டுல நாய், எந்த வீட்டுல மாடியில வீசணும், எந்த வீட்டுல பெரியவர் வாசல்ல நின்னுக்கிட்டிருப்பார், கையிலயே குடுக்கணும்... எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் நிறுத்தி நிறுத்திப் போனேன். சைக்கிள்ல ரெண்டே கால் மணி நேரத்துல முடிக்கிற லைன், ஸ்கூட்டியில அதை விட அரை மணி அதிகமாச்சு. அப்பா பாவம், ஒண்ணும் சொல்லல.

ஞாயித்துக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ்ல எனக்கு டிக்கெட். சனிக்கிழமை மத்தியானம் வேற வழி தெரியாம பாயைத் தேடிப் போனேன். கடையை மூடினதுல இருந்து கூத்தாநல்லூர்ல மக வீட்டுல இருக்கார். டவுன் பஸ்ல ஒரு கையில வீலும் ஒரு கையில போர்க்குமா ஏறினேன். கண்டக்டர் மேலயும் கீழயும் பாத்துட்டு, "மிச்ச சைக்கிள் அடுத்த பஸ்ல வருதா சார்?"ன்னார். அவ்வ்வ்வ்.

பாய்க்கு எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கும். திண்ணையில உக்காந்திருந்தார். "ஏஜெண்டு மவனா? வாங்க தம்பி"ன்னார். கதையைச் சொன்னேன். போர்க்கைக் கையில கூட வாங்கல. வீலை வாங்கி, ஆக்சிலை ரெண்டு விரல்ல பிடிச்சுச் சுத்தி விட்டு, ஒரு கண்ணை மூடிப் பாத்தார்.

"நடுவுக்குக் கொண்டாந்துட்டீங்களா?"

"ஆமா பாய், 5 மில்லிமீட்டர் தள்ளியிருந்துச்சு."

"தள்ளியிருக்கல தம்பி. தள்ளி வச்சிருந்தேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. அப்புறம் அவர் போர்க்கை எடுத்துக் காட்டினார். இடது கால் மயிரிழை பின்னால போயிருக்கு, லேசா உள்ளயும் வந்திருக்கு. நேரா முன்னால இருந்து பாத்தா தெரியாது. கீழ இருந்து ரெண்டு முனையையும் ஒரே கோட்டுல வச்சுப் பாத்தாதான் தெரியுது. "இடிச்ச இடி அப்படி. கம்பியைக் குடுத்து நெம்பி முக்காவாசி நிமித்திட்டேன். அதுக்கு மேல நெம்பினா முறிஞ்சிரும். மிச்சத்தை ரிம்முல எடுத்தேன். போர்க்கு இடது பக்கம் தள்ளுது, நான் ரிம்மை வலது பக்கம் இழுத்தேன். டயரு நடுவுல நின்னுச்சா, வண்டி நேரா போச்சு. புது போர்க்கு போடலாம்னுதான் சொன்னேன். உங்கப்பாரு தீவாளி கழியட்டும்னாரு."

"எப்ப பாய் இது?"

"அதான் தம்பி, நீங்க தெப்பக்குளத்துச் சுவத்துல கொண்டு போய் முட்டுனீங்கல்ல, அப்ப."

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2007. எனக்குப் பத்து வயசு. குரங்கு பெடல்ல இருந்து பாருக்கு மேல கால் போடப் பழகிக்கிட்டிருந்த நேரம். அப்பா மத்தியானம் தூங்குறப்போ திருட்டுத்தனமா வண்டியை எடுத்துக்கிட்டுப் போய், மேல்கரையில பிரேக் எட்டாம நேரா சுவத்துல விட்டேன். முட்டி கிழிஞ்சுது. ஹேண்டில்பாரைத் தொடைக்கு நடுவுல வச்சுத் திருப்பி நேராக்கி, மண்ணைத் துடைச்சு, ரேழியில இருந்த இடத்துலயே நிறுத்திட்டு, வியர்க்க வியர்க்கப் படுத்துக்கிட்டேன். மறுநாள் அப்பா வழக்கம் போலக் கிளம்பிப் போனார், வந்தார், ஒண்ணும் கேக்கல. ஆஹா, தப்பிச்சோம்டான்னு நினைச்சேன். பதினெட்டு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

"நான்தான்னு அப்பாவுக்குத் தெரியுமா பாய்?"

"அவருதான எனக்கே சொன்னாரு. பையன் பயந்து கெடக்கான், கடைப்பக்கம் வந்தா நீங்க ஒண்ணும் கேட்டுறாதீங்கன்னாரு."

ஆபீஸ்ல பழைய கோடைப் பிரிச்சுப் பாக்குறப்போ எதுக்குன்னே தெரியாம ஒரு வரி "பிளஸ் 5"ன்னு நிக்கும். எவன்டா இதை எழுதினான்னு திட்டிக்கிட்டே தூக்குவோம். அடுத்த நாள் எங்கயோ ஒரு மூலையில எதுவோ விழும். எழுதினவன் வேலையை விட்டுப் போயிருப்பான். நமக்கு யோகம், பாய் கூத்தாநல்லூர்லதான் இருந்தார்.

திண்ணையிலயே உக்காந்து, அவர் சொல்லச் சொல்ல நான் நிப்பிளைத் திருப்பினேன். அவருக்குக் கை நடுங்குது, ஆனா கம்பியைச் சுண்டி அந்தச் சத்தத்தை வச்சே எது இளகியிருக்குன்னு சொல்லிட்டார். நான் மூணு மணி நேரம் செஞ்சதை முக்கால் மணி நேரத்துல திரும்பக் கெடுத்தோம். ஸ்கேல் வேணாம்னுட்டார். போர்க்குல வீலை மாட்டி, ரெண்டு பக்கமும் சுண்டு விரலை விட்டுப் பாத்தார், அவ்வளவுதான். கிளம்பும்போது கண்டிப்பா சொன்னார். "இது ஒப்பேத்துறது தம்பி. வளைச்சு நிமித்துன இரும்பு என்னைக்கு விடும்னு சொல்ல முடியாது. அவருக்கும் வயசாச்சு. போர்க்கை மாத்திருங்க." பெயிண்டு வெடிச்சிருக்கான்னு நகத்தால சுரண்டியும் பாத்தார். வெடிப்பு எதுவும் இல்லை.

ஞாயித்துக்கிழமை காலையில அப்பா கிளம்புறதுக்கு முன்னாடியே நான் எழுந்து, வெறும் வண்டியை இருட்டுல ஒரு சுத்து ஓட்டினேன். ஒத்தைக் கை. நேரா போச்சு. அப்பா கட்டை வச்சுக்கிட்டுக் கிளம்பிப் போயி ஆறே முக்காலுக்கு வந்துட்டார். "இப்ப பரவால்ல"ன்னார். அவர் பாஷையில அது சாகித்ய அகாடமி விருது.

ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அதே வண்டியில, என் பையைக் கேரியர்ல வச்சுத் தள்ளிக்கிட்டு. பிளாட்பாரத்துல நிக்கிறப்போ எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, "அப்பா, அந்தப் போர்க்கு... சின்ன வயசுல நான்தான்ப்பா குளத்துச் சுவத்துல..."ன்னேன்.

"தெரியும். ஒரு வாரம் நொண்டிக்கிட்டே ஸ்கூலுக்குப் போனியே"ன்னார். அப்புறம், "எஸ் ஃபோர் முன்னாடி வருமா, பின்னாடியா?"

பின்னாடி.

பிப்ரவரியில பாரிமுனைப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி 28 இஞ்சு வண்டிக்கு போர்க்கு வாங்கிட்டேன். சாமான் வராதுன்னு சொன்னவங்க தேடலன்னுதான் அர்த்தம். அடுத்த தடவை போனப்போ மாட்டி, வீலை மறுபடியும் நட்ட நடுவுக்குக் கொண்டு வந்தேன். இந்தத் தடவை முதல்ல போர்க்கு, ஓட்டிப் பாத்தேன், அப்புறம் வீல், மறுபடி ஓட்டிப் பாத்தேன். தேதி, என்ன மாத்தினேன், ரிம்மு நடுவுல இருக்கு, எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, சீட்டுக்கு அடியில கட்டி வச்சிருக்கேன். எனக்கே மறந்து போயி இன்னும் பத்து வருஷம் கழிச்சுப் பிரிச்சாலும் பிரிப்பேன். பழைய போர்க்கை காயலாங்கடையில போடலாம்னேன். "இருக்கட்டும்"னு பரண்ல ஏத்திட்டார்.

போன வாரம் போன் பண்ணார். வண்டி நேரா போகுதாம். பெல்லுதான் அடிக்க மாட்டேங்குதாம்.

சத்தியமா பெல்லை நான் தொடவே இல்லைங்க.